மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்: நான்கு ஐரோப்பியக் கைக்கடிகாரங்கள்

பெரிய குழுமங்களுக்குள் போய்விடாமல் தனித்து நிற்கும் ஐரோப்பியக் கடிகார நிறுவனங்களில், மாதச் சம்பளக்காரர் கொஞ்ச காலம் சேமித்தால் எட்டக்கூடியவை நான்கை எடுத்துக்கொள்கிறேன். பிரான்சின் பால்டிக், இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் வார்ட், ஜெர்மனியின் ஸின், நோமோஸ். விலையும் இதே வரிசையில்தான் ஏறுகிறது. பால்டிக்கின் அக்வாஸ்கேஃப் ஆயிரம் யூரோவுக்குள் அடங்கும். நோமோஸின் டான்ஜென்ட் அக்வாஸ்கேஃப் விலையின் இரு மடங்கைத் தாண்டிவிடும்.

டயலின் அழகில் மயங்குவதற்கு முன் மூடிக்குள் என்ன மெஷின் என்று கேளுங்கள். ஸின் 556, கிறிஸ்டோபர் வார்ட் சீலாண்டர் ஆட்டோமேட்டிக் இரண்டிலும் ஓடுவது செலிட்டா எஸ்.டபிள்யூ.200 என்ற ஒரே சுவிஸ் மெஷின். உலகம் முழுக்கப் பழகிய, ஈ.டி.ஏ. என்ற சுவிஸ் நிறுவனத்தின் 2824 மெஷினின் காப்புரிமைக் காலம் முடிந்தபின், அதே அமைப்பில் செய்யப்பட்டது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இதையும் பிரித்துப் பூட்டுவார். இருபது ஆண்டு கட்டிக்கொள்ள நினைப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

மெஷின் ஒன்றென்றால் கூடுதல் பணம் எதற்கு? ஸின்னில் அது உறுதிக்குப் போகிறது. விமானியாக இருந்த ஹெல்முட் ஸின் 1961இல் பிராங்பர்ட்டில் தொடங்கிய நிறுவனம் இது. ஒரு பார்வையில் நேரம் தெரிய வேண்டும் என்ற விமானியின் பிடிவாதம் இன்றும் டயலில் இருக்கிறது. 38.5 மில்லிமீட்டர் அகலம், 200 மீட்டர் வரை நீர் தாங்கும் திறன், கண்ணை உறுத்தாத மங்கலான எஃகு. அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. கிறிஸ்டோபர் வார்ட்டோ, பளபளப்பும் மங்கலும் மாறி மாறி வரும் பட்டைதீட்டிய உறையில் உழைப்பைக் காட்டுகிறது. பாகங்களைக் கடிகாரமாகப் பூட்டுவது சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்தில். பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் திருப்பித் தரலாம். மெஷினுக்கு 60 மாத உத்தரவாதம். கையில் கட்டிப் பார்க்காமல் இணையத்தில் வாங்குபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

பால்டிக் 2017இல் தொடங்கியது. அக்வாஸ்கேஃபின் உள்ளே ஜப்பானின் மியோட்டா 9039 மெஷின். பாகங்களைப் பூட்டுவது பிரெஞ்சுக் கடிகார நகரமான பெசான்சோனில். பழைய முக்குளிப்புக் கடிகாரத்தின் சாயலும் 200 மீட்டர் நீர்த்தாங்கலும் அந்த விலைக்குக் கிடைப்பது நிறைவுதான். முதல் கடிகாரமாக வாங்கத் தயங்க வேண்டாம்.

நோமோஸ் தனி இனம். அதன் ஊர், ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தில் கிளாஷூட்டே என்ற சிற்றூர். அந்த ஊர்ப் பெயரை டயலில் போட வேண்டுமானால், மெஷினின் மதிப்பில் பாதிக்கு மேல் அங்கேயே உருவாகியிருக்க வேண்டும். 2022 முதல் ஜெர்மன் அரசின் விதிமுறையே இதைக் காக்கிறது. டான்ஜென்ட்டில் இருப்பது நோமோஸ் தானே செய்யும் ஆல்ஃபா, 2.6 மில்லிமீட்டர் கனம்தான். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். விரல்களுக்கிடையே அந்தச் சிறு பற்களின் கரகரப்பை உணரும் சுகத்தை, தானாகச் சாவி ஏறும் மற்ற மூன்றும் தரவில்லை. மெல்லிய எண்களும் நீல முட்களும் சட்டைக் கைக்குள் அடங்கும் ஒல்லி உடலும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் 30 மீட்டர் என்று குறித்த கடிகாரத்தோடு நீந்தக் கூடாது. பழுது வந்தால் அது பெரும்பாலும் கிளாஷூட்டேவுக்கே போக வேண்டியிருக்கும்.

வீட்டில் வேறொரு கடிகாரம் இருப்பவர் நோமோஸை வாங்கட்டும். மழை, வியர்வை, சமையல், பயணம் எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று என்றால் நான் ஸின் 556ஐத்தான் கை காட்டுவேன். அதிலும் எண்கள் போட்ட ‘ஏ’ வகையைவிட, வெறும் கோடுகளால் ஆன ‘ஐ’ வகை வேட்டி சட்டைக்கும் பொருந்தும்.