வீடு மாறும் இடைவெளியில் எந்த வண்ணம்: வாட்டர்கலரா, போஸ்டர் கலரா, அக்ரிலிக்கா?

ஆனி முடிவதற்குள் பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும், ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள், அதனால் ஆவணி பிறக்கும்வரை சித்தி வீட்டிலோ மாமியார் வீட்டிலோ தங்கிக்கொள்வது வடசென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் புது விஷயம் இல்லை. போர்டு வீட்டை, அதாவது அரசு வாரியக் குடியிருப்பை, இடித்துக் கட்டுகிற இடங்களில் இது வருடக்கணக்கில்கூடப் போகும். சாமான் பாதி ஒருவர் வீட்டுப் பரணில், மீதி இன்னொருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில். இந்த நிலையில் முதலில் நின்றுபோவது ஓவியம்தான், ஏனென்றால் அடுத்தவர் வீட்டு ஹாலில் ஓவிய ஸ்டாண்டை (ஈசல்) விரிக்க யாருக்கும் மனசு வராது. "புது வீட்டுக்குப் போனதும் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். நானும் இப்படி இடம் மாறி இடம் மாறி வரைந்தவன்தான், இந்த மாதங்களில் எது ஒத்துவரும், எது வராது என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

வழக்கமாக வண்ணங்களை ஒப்பிடுகிறவர்கள் விலை, பளபளப்பு, எத்தனை வருடம் மங்காது என்றெல்லாம் பார்ப்பார்கள். தங்குகிற வீட்டில் நான் முதலில் பார்ப்பது வேறு. ராத்திரி பாய் விரிக்கும் நேரத்துக்குள் ஒன்றுவிடாமல் எடுத்து வைக்க முடியுமா? பாதியில் யாராவது கூப்பிட்டால் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போக முடியுமா? இந்த இரண்டு கேள்வியில் பல நல்ல வண்ணங்கள் அடிபட்டுப் போகும்.

ஆயில் பெயின்ட்டை முதலிலேயே தள்ளிவிடலாம். அதில் இருக்கிற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர நாட்கள் ஆகும், கனமாகப் போட்டால் வாரங்கள். அதுவரை ஈரமான கேன்வாஸை எங்கே சாய்த்து வைப்பீர்கள்? குழந்தைகள் படுக்கும் அறையில் டர்பன்டைன் வாடை வேண்டாம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், இது உண்மையாகவே நடக்கிற விஷயம், அப்படி ஒரு துணி அடுத்தவர் வீட்டுப் பரணில் கிடக்கவே கூடாது.

அக்ரிலிக்கைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். சீக்கிரம் காயும், வாடை குறைவு, தண்ணீரிலேயே கழுவிக்கொள்ளலாம். எல்லாம் சரி. சொந்த வீட்டில் நானும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஆனால் இந்த இடைக்காலத்துக்கு அதை நான் சொல்லவே மாட்டேன். அது காய்ந்தால் பிளாஸ்டிக், திரும்பக் கரையாது. நீங்கள் வானத்தைப் பூசிக்கொண்டிருக்கும்போது "தண்ணி லாரி வந்துடுச்சு, குடத்தை எடுத்துக்கிட்டு ஓடு" என்று சித்தி குரல் கொடுத்தால் திரும்பி வரும்போது பிரஷ் விறைத்துப்போயிருக்கும், தட்டில் பிதுக்கி வைத்த வண்ணமும் தோல் கட்டியிருக்கும். ஈரமான ஸ்பாஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்து வண்ணத்தை வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்தான், ஆனால் பிரஷுக்கு அந்த வழி இல்லை. கழுவத் தண்ணீரும் அதிகம் வேண்டும். அடிபம்பையும் லாரியையும் நம்பியிருக்கிற வீட்டில் அதுவே ஒரு சங்கடம், அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள் படிந்து அடைக்கிற சங்கடம் வேறு.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. அக்ரிலிக் படலம் நம் ஊர் வெயிலில் முழுசாக இறுகாது, லேசான மென்மை இருந்துகொண்டே இருக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்துக் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வண்ணம் பிய்த்துக்கொண்டு வரும். பபிள் ராப்பைப் படத்தின் மேல் நேரடியாகச் சுற்றினால் அந்தக் குமிழ்களின் வட்டம் அப்படியே பதிந்துவிடும். மூட்டை கட்டுகிற சமயத்தில் இது பெரிய தலைவலி. ஏற்கெனவே அக்ரிலிக் படங்கள் இருந்தால், பேக்கரியில் ட்ரேயில் போடுகிற சிலிகான் பூசிய பட்டர் பேப்பரை நடுவில் வைத்துவிட்டு அதற்கு வெளியே எதை வேண்டுமானாலும் சுற்றுங்கள்.

வாட்டர்கலர் எடுத்துப் போக ரொம்ப எளிது. பன்னிரண்டு நிற டப்பா ஜியாமெட்ரி பாக்ஸ் அளவுதான், ஒரு பிரஷ், ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், தாள். மூடி வைக்க ஒரு நிமிடம் போதும். மூட்டைக்குள் இடம் பிடிக்காது, ஆனால் வரைகிறவரின் அமைதியை இதுபோல் கேட்கிற வண்ணம் வேறில்லை. வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தை அகலமாக ஒரே பூச்சாக, இழுத்தால் அது காயும்வரை நகர முடியாது, நடுவில் எழுந்துபோய் வந்தால் விளிம்பு வெட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் அதைச் சரிசெய்யவும் முடியாது. ஆடி மதியத்தில் மாடியில் உட்கார்ந்தால் காற்றும் வெயிலும் சேர்ந்து வாஷை உங்களுக்கு முன்னால் காய வைத்துவிடும். தாளிலும் கஞ்சத்தனம் செய்ய முடியாது, 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் இல்லையென்றால் அலை அலையாக நெளியும். நம் காற்றின் ஈரத்தில் டப்பாவை ஈரத்தோடு மூடினால் வண்ணக் கட்டியின் மேல் பூஞ்சை பிடிக்கும். தேன் சேர்த்துச் செய்கிற சில வெளிநாட்டு வண்ணங்கள் இங்கே காயவே காயாமல் பிசுபிசுவென்று கிடக்கும். திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கம் தங்கினால் போர் தண்ணீரில் உப்பு இருக்கும், அதில் கலந்தால் சில நிறங்கள் சீராகப் பரவாமல் திரண்டு நிற்கும், கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமைதி கிடைக்கிற நாளில் வாட்டர்கலருக்கு நிகர் எதுவும் இல்லை. அரண்மனைக்காரன் தெருவில், அதாவது ஆர்மேனியன் தெருவில், 1772-ல் கட்டிய ஆர்மேனியன் சர்ச் இருக்கிறது, பாரிமுனைக் கூச்சலுக்கு நடுவில் அப்படி ஒரு முற்றம். காலையில் போய் நிழல் விழுகிற சுவரை ஒரே வாஷில் பிடிக்கலாம்.

அப்புறம் போஸ்டர் கலர், குவாஷ் வகையைச் சேர்ந்தது. என் வோட்டு இதற்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வண்ணம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இது ஒளி ஊடுருவாத வண்ணம், அதனால் இருட்டின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம், தப்பினால் மேலேயே பூசலாம். காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். லாரி தண்ணீர் பிடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வந்தும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரஷ் விறைத்திருந்தால் தண்ணீரில் வைத்தால் போதும். நெளியாத அட்டை இருந்தால் தாள் விலையும் மிச்சம். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளில் அட்டையை உங்கள் பை அளவுக்கு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கிரே போர்டின் அந்தச் சாம்பல் நிறமே பாதிப் படத்துக்குப் பின்னணியாகிவிடும். அது நாளடைவில் பழுப்பேறும், விற்கப்போகிற படத்துக்குக் கூடாது, கைப்பழக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

நான் எடுத்துப் போகிறது பாட்டில்களாக அல்ல. மெடிக்கலில் கிழமை போட்ட மாத்திரை டப்பா கிடைக்கும், ஏழு அறை, ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறத்தை ஊற்றி ஒரு சொட்டு கிளிசரின் கலந்து மூடாமல் காய விட்டால் வெடித்து உதிராமல் இறுகி நிற்கும், ஈர பிரஷால் தொட்டால் எழும். வெள்ளையை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், காய்ந்த வெள்ளை சரியாக எழாது, அதைத் தனியாக டியூபிலோ பாட்டிலிலோ வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி லெமன் மஞ்சள், யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், அல்ட்ராமரீன் இருந்தால் வடசென்னைக்கு முக்கால்வாசி வந்துவிடும். காசிமேட்டில் படகுகளுக்கு நடுவில் டீசல் மிதக்கிற தண்ணீரின் நிறம் என்ன என்று கேட்டால் அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த கரும்சாம்பல், அதில் துளி வெள்ளை. துருப்பிடித்த இரும்புக்கும் அதே இரண்டுதான், அளவை மாற்றினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. வெளிர் நிறங்கள் காய்ந்தால் கொஞ்சம் இருளும், அடர் நிறங்கள் காய்ந்தால் வெளிறும், அதனால் ஓரத்தில் ஒரு கீற்று போட்டுக் காய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய இடத்தில் பூச வேண்டும். கனமாக அப்பினால் வெடிக்கும். மலிவான செட்டில் ரோஸும் வயலட்டும் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். விற்க நினைத்தால் டியூபில் வருகிற ஆர்ட்டிஸ்ட் குவாஷ் வாங்கி, பின்னால் அச்சிட்ட நிறமிக் குறியைப் பாருங்கள், பி.பி. 29 என்றால் உண்மையான அல்ட்ராமரீன். ஒரு சொட்டு மழை பட்டாலும் படம் போச்சு, பிளாஸ்டிக் கவர் கட்டாயம்.

டேப்லெட்டைச் சிலர் கேட்பார்கள். காயவேண்டியதில்லை, கழுவவேண்டியதில்லை, விளக்கை அணைத்த பிறகும் பாயில் படுத்தபடி வரையலாம். வரைகிற ஆப்களில் ப்ரோக்ரியேட்டுக்கு ஐபேட் வேண்டும், க்ரிட்டா இலவசம். கண்ணும் நிறப் பொருத்தமும் அதில் தேறும், பிரஷில் எவ்வளவு தண்ணீர் என்கிற கைக்கணக்கு தேறாது. கையில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம், வீட்டு அட்வான்ஸுக்கே பணம் தேவைப்படுகிற நேரம் இது. ஒன்றுமே முடியாத நாளுக்கு ஒரு பால்பாயின்ட் பேனாவும் நோட்டும். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், இன்றும் நிற்கிற நிலையக் கட்டிடங்களில் நாட்டிலேயே மிகப் பழையது, அந்தத் தூண் வரிசையைப் போடப் பேனாவே போதும். பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் மங்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எங்கே உட்கார்ந்து வரைவது என்பதிலும் இதே கணக்குத்தான். மாடி என்றால் காலை எட்டுக்குள், அதற்குமேல் வெயிலும் துணி காயப்போடுகிறவர்களும் வந்துவிடுவார்கள். வெளியே என்றால் என் முதல் இடம் காசிமேடு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது, ஆடியில் துறைமுகம் முழு வேகத்தில் இருக்கும். விடிகாலையில் வெளிச்சம் கடலிலிருந்து வருவதால் படகுகள் கறுப்புப் பாளங்களாகத்தான் தெரியும், போஸ்டர் கலருக்கு அதைவிடத் தோதான காட்சி கிடையாது. அட்டையை நான்கு கிளிப் போட்டு இறுக்குங்கள், ஆடிக் காற்று சும்மா விடாது. பின்னால் நின்று பார்ப்பவர்கள் "அண்ணே, அந்தக் கயிறு இந்தப் பக்கம் கட்டணும்" என்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பழைய கேன்வாஸ்களை என்ன செய்வது? சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுவதானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள், உள்பக்கம் போனால் விரிக்கும்போது விரிசல் விடும். உள்ளே தடிமனான பிளம்பிங் பைப் ஒன்றை வைத்துச் சுற்றுங்கள், எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. தரையில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு ராத்திரி மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வருகிற வீடுகள் இங்கே நிறைய.

ஆயிலில் ஆர்டர் எடுத்துவிட்டேன், பாதியில் நிற்கிறது என்கிறவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. அதை உறவினர் வீட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் ஓவியர்களுக்கான பணிக்கூடம் இருக்கிறது, அங்கே இடம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், ஆர்டர் கொடுத்தவரிடம் ஆவணி வரை அவகாசம் கேட்டுவிட்டு, அந்தப் படத்துக்கான சின்னச் சின்ன நிற முன்வரைவுகளைப் போஸ்டர் கலரில் போட்டு வையுங்கள். வெள்ளை மட்டும் இரண்டு பாட்டில் வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான்.