8,400 ரூபாய் போச்சு: ஆங்கிள் ஸ்பேனர் செட் ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கை வலியோடும் கோபத்தோடும் எழுதுகிறேன். 30-60 ஆங்கிள் ஸ்பேனர் (ஒரு முனை 30, மறுமுனை 60 டிகிரி சாய்ந்தது) செட், குரோம் வனேடியம் எஃகு, ஃபோர்ஜிங் (சூடாக்கி அடித்துச் செய்தது) என்று சொல்லி 8,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, டெம்பரே (சூடாக்கிக் குளிரவைத்து ஏற்றும் உறுதி) ஏற்றாத பச்சிரும்பை அனுப்பியிருக்கிறார்கள். ஏமாற்றியது ஒருவன். அவனை எனக்கு அறிமுகம் செய்த ஆன்லைன் தளமோ "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒதுங்கிக்கொண்டது. இன்னொரு மெக்கானிக் இதே செட்டை வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறேன். ஹோஸ் (எண்ணெய் ஓடும் குழாய்) மாற்றுவது, வால்வு பிரிப்பது, ஜாக் சிலிண்டருக்கு சீல் போடுவது, இதுதான் பிழைப்பு. போர்வெல் வண்டியில் ஆபரேட்டர் பிடிக்கும் லீவர்களுக்குப் பின்னால் வால்வு பேங்க், அதாவது வால்வுகளின் வரிசை இருக்கும். ஒவ்வொரு லீவருக்கும் இரண்டு ஹோஸ். நட்டுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும், நடுவில் விரல்கூடச் சரியாக நுழையாது. கால் இஞ்ச் ஹோஸ் என்றால் 19 மில்லி, 3/8 என்றால் 22, அரை இஞ்ச் என்றால் 27 ஸ்பேனர். ஹோஸ் குறுக்கே இருப்பதால் ரிங் ஸ்பேனர், பாக்ஸ் எதையும் மாட்ட முடியாது. வாய் திறந்த ஸ்பேனர் ஒன்றுதான் வழி.

சாதாரண ஸ்பேனரின் வாய் கைப்பிடியிலிருந்து 15 டிகிரி சாய்ந்திருக்கும். ஒரு தடவை போட்டுத் திருப்பி, அப்புறம் புரட்டிப் போட்டால், ஒவ்வொரு முறையும் 30 டிகிரி சுற்ற இடம் இருந்தால் போதும். ஆனால் வால்வு பேங்கில் அந்த 30 டிகிரிகூடக் கிடைக்காது. கைப்பிடி பக்கத்து ஹோஸில் போய் இடித்து நிற்கும். அதற்காகத்தான் ஒரு முனை 30, மறுமுனை 60 டிகிரி வளைந்த ஸ்பேனர். இரண்டு முனையையும் புரட்டிப் புரட்டிப் போட்டால் ஒரே நட்டை நான்கு திசையிலிருந்து பிடிக்கலாம். எங்காவது ஒரு திசையில் கைப்பிடி ஆட இடம் கிடைத்துவிடும். பழைய ஸ்பேனரை கேஸில் சூடாக்கி வளைத்து வைத்திருக்கும் பட்டறைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. சூடு ஏறினால் டெம்பர் இறங்கிவிடும், கொஞ்ச நாளில் வாய் விரிந்துவிடும். அதனால்தான் ஒரு தடவை காசு போட்டு நல்ல செட்டாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பக்கத்துக் கடைகளில் செட்டாக இல்லை. தொழில் சாமான் விற்பவர்களையும் வாங்குபவர்களையும் சேர்த்துவைக்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் தேடினேன். பெயரைச் சொல்லவில்லை, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருடைய போனிலும் அந்த மாதிரி ஒன்று இருக்கும். என்ன வேண்டும் என்று பதிவு செய்த கொஞ்ச நேரத்திலேயே போன் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்ற முத்திரை. அதைக்கூட விடுங்கள். என்னை நம்பவைத்தது அவன் பேச்சு.

"அண்ணா, எதுக்குண்ணா வேணும், வால்வு பேங்க்குக்கா?" என்று அவனாகவே கேட்டான். ஆமாம் என்றேன். "அப்போ 19, 22, 27 கண்டிப்பா இருக்கணும்ணா. கழுத்து தடியா இருந்தா உள்ள போகாது, நம்ம செட்டுல கழுத்து மெலிசுண்ணா. ரிக் மெக்கானிக்குங்கதான் நம்மகிட்ட அதிகமா வாங்குறாங்க." வேலை தெரிந்தவன் பேசுகிற பேச்சு அது. கடையில் சும்மா எடுத்துக் கொடுக்கும் பையனுக்கு வால்வு பேங்க் என்றால் என்னவென்றே தெரியாது. இவன் நான் சொல்வதற்கு முன்பே சைஸைச் சொல்கிறான். ஒரு வீடியோவும் அனுப்பினான், அதில் ஸ்பேனர் 60 டிகிரிக்கு அழகாக வளைந்து பளபளவென்று இருந்தது. ஜிஎஸ்டி உட்பட 8,400 ரூபாய், பில் பார்சலோடு வரும் என்றான். அவன் சொன்ன கணக்குக்கு 8,400 ரூபாய் அனுப்பினேன்.

பார்சல் வந்தது. உள்ளே பில் இல்லை, 'கொட்டேஷன்' என்று அச்சடித்த ஒரு துண்டுத் தாள்தான் இருந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்ததுமே சந்தேகம். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து வைத்துப் பார்த்தேன். 60 என்று அடித்திருந்த முனை 45-ஐ ஒட்டி நின்றது. 30 என்று அடித்திருந்தது வெறும் 15, சாதாரண ஸ்பேனரேதான். வெர்னியரை (மில்லிக் கணக்கில் நுட்பமாக அளக்கும் கருவி) வைத்தால் 27-இன் வாய் 28-ஐத் தாண்டியது. 27 நட்டுக்கு வாய் ஒரு துளிதான் கூடுதலாக இருக்க வேண்டும், ஒரு மில்லிக்கு மேல் இடைவெளி விட்டால் ஸ்பேனர் நட்டின் மூலையைத்தான் கடிக்கும்.

உடனே போன் செய்தேன். அவன் சொன்ன பதிலை மறக்கவே முடியாது. "அண்ணா, நீங்க அளக்குற விதம் வேறண்ணா. கம்பெனி அளவு வேற மாதிரி எடுப்பாங்க. சும்மா வச்சுப் பாக்காதீங்க, வேலையில போட்டுப் பாருங்க. சரியில்லைன்னா நான் எடுத்துக்கறேன், என் பொறுப்பு." இந்த வார்த்தைதான் பொறி. அப்போது அது எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை, பொறுப்பு என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்கிறானே.

கர்நாடகாவில் போர் போடும் இடத்துக்குக் கிளம்ப வேண்டிய ரிக் ஒன்று. பிரஷரை இறக்கிவிட்டு 27-ஐ ஹோஸ் நட்டில் போட்டேன். உதவியாளர் பக்கத்து லைனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நட்டு அசையவில்லை, கொஞ்சம் பலமாக இழுத்தேன். ஸ்பேனரின் வாய் விரிந்து நழுவியது, என் கை போய் பிராக்கெட் தகட்டில் அடித்தது. விரல் கணுக்களில் தோல் கிழிந்து தையல் போட்டாயிற்று. நட்டின் மூலை ஆறும் மழுங்கிப்போய், ஹோஸையே அறுத்துப் புது எண்ட் (நட்டோடு கூடிய முனை) போட்டு கிரிம்ப் செய்ய (அழுத்திப் பிடிக்கவைக்க) வேண்டியதாயிற்று. அந்தச் செலவு என் தலையில், 8,400-க்கு மேல் தனி. "வண்டி நாளைக்கு கெளம்பியாகணும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஓனர் அண்ணன் நின்றார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஆனால் வருடக்கணக்காக வேலை கொடுக்கிறவர் முகத்தை அப்படிப் பார்ப்பது எனக்குப் பணத்தைவிடப் பெரிய நஷ்டம். பிறகு அந்த ஸ்பேனரை வைஸில் பிடித்து அரம் போட்டால் சாதாரணக் கம்பியைப் போல ராவிக்கொண்டு வருகிறது. டெம்பர் ஏற்றிய ஸ்பேனரில் அரம் இவ்வளவு சுலபமாகப் பிடிக்காது.

போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "யூஸ் பண்ண சாமானை ரிட்டர்ன் எடுக்க முடியாதுண்ணா." வேலையில் போட்டுப் பாருங்கள் என்று சொன்ன அதே வாய்! என் பொறுப்பு என்றாயே என்று கேட்டால், "நான் அப்படிச் சொல்லலையே" என்கிறான். அப்புறம் அவனுடைய ஓனர் ஊரில் இல்லை. அப்புறம் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் மேடம் லீவ். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரே டிக். பக்கத்துப் பட்டறைத் தம்பியின் போனிலிருந்து கூப்பிட்டால் உடனே எடுக்கிறான், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறான்.

சரி, தளத்திடம் போவோம் என்று புகார் கொடுத்தேன். அங்கே ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். 8,400 ரூபாய், 8,400 ரூபாய் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது. "நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம் சார், பணம் நேராக அவருக்குத்தானே போட்டீர்கள்" என்றார் ஒருவர். அப்புறம் எதற்கு அந்த முத்திரை? எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். ஜிஎஸ்டி எண்ணும் போன் நம்பரும் மட்டும்தானாம், சரக்கை இல்லையாம். முத்திரை சரக்குக்கும் சேர்த்துத்தான் என்று நம்பித்தானே போன் எடுக்கிறோம்? கடைசியாகப் பேசியவர், "நீங்கள் தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்.

இது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது: சொந்த உழைப்பில் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மறுபடி விற்கவோ வேறு வணிக நோக்கத்துக்கோ வாங்குகிறவருக்குத்தான் அந்த உரிமை இல்லை. பட்டறையில் தானே ஸ்பேனர் பிடிக்கிறவனைப் பார்த்து நீ நுகர்வோர் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. 2020 மின்வணிக விதிகளின்படி ஆன்லைன் சந்தை நடத்துகிறவர்கள் குறைதீர் அலுவலரை வைத்து, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலருக்குத் தனியாக மெயில் அனுப்பியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்தாயிற்று. பணம் வராவிட்டால் நாமக்கல் நுகர்வோர் ஆணையம்தான். விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நாம் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம்கூட இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், தையல் போட்ட கையோடு இதற்கு மேல் டைப் செய்ய முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

முழுப் பணத்தையும் முன்னால் போடாதீர்கள், முடிந்தால் செட்டாக வாங்காமல் 22-ஐ மட்டும் ஒன்று வாங்கி வேலையில் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, அதிலேயே பாகைமானியும் வெர்னியரும் வைத்துக் காட்டுங்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள், மட்ட இரும்புக்கும் குரோம் முலாம் பூசலாம். எச்எஸ்என் 8204 (ஸ்பேனர்களுக்கான சரக்குக் குறியீடு) போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் பார்சலை வைத்துக்கொள்ளாதீர்கள். பொறுப்பு ஏற்கிறேன் என்று சொன்னால் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள், போன் பேச்சு வேண்டாம்.

இதே மாதிரி வாட்ஸ்அப் வீடியோ பார்த்து செட் வாங்கி, இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அளந்து பாருங்கள். 27-இன் வாய் 28 காட்டினால், அவன் என்ன சொன்னாலும் நட்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்துவிட்டு நேராக 1915-க்கு அடியுங்கள்.