கைக்குழந்தையைக் கொடுப்பதா, பெரியதை அனுப்புவதா?

வீட்டில் இரண்டாவது பிறந்ததும் பார்க்க வருகிறவர்கள் முதலில் சொல்வது, "பெரியவனைக் கொஞ்ச நாளைக்கு ஊருக்கு அனுப்பீருங்க" என்பதுதான். அடுத்தது பால்வாடி, அதற்கும் அடுத்தது வீட்டுக்கு ஆள். யாரும் அதிகம் சொல்லாத நான்காவது ஒன்றும் இருக்கிறது: கைக்குழந்தையை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, பெரியதை அம்மா பார்ப்பது. என் ஓட்டு அதற்குத்தான்.

ஊருக்கு அனுப்புவதில் ஒரு வசதி உண்டு, மறுக்க முடியாது. கோபிப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) கட்டுத்தரை, கன்றுக்குட்டி, கோழி என்று பிள்ளைக்குப் பகல் முழுக்கப் பொழுது போகும். பொழுது சாய்ந்த பிறகுதான் பிரச்சினை. இரண்டு வயதுக்கு நாள் கணக்கு புரியாது. புதுசாக ஒரு பாப்பா வந்தது, தன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். திரும்பி வரும்போது ஒட்டுதல் இரண்டு மடங்காகியிருக்கும்: விட்டுப்போன மூத்திரப் பழக்கம் திரும்பும், மறந்த தாய்ப்பாலைக் கேட்கும். போதாததற்குத் தோட்டத்தில் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் திறந்து கிடக்கும். வயதான அப்பாரு (தாத்தா) எத்தனை நேரம் பின்னாலேயே ஓடுவார்? ஏற்கனவே அங்கே தங்கிப் பழகிய பிள்ளை என்றால் இரண்டொரு ராத்திரி பரவாயில்லை. மாதக்கணக்கு வேண்டாம்.

அங்கன்வாடியில் 2 வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மதியச் சாப்பாடும் கிடைக்கும், அம்மாவுக்கு அரை நாள் மூச்சும் கிடைக்கும். ஆனால் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பழக்கியிருக்க வேண்டும். பாப்பா வந்த வாரத்திலேயே கொண்டுபோய்விட்டால் அதுவும் ஊருக்கு அனுப்பிய கதைதான். சளி, இருமலும் கூடவே வீட்டுக்கு வரும். 3 மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் தொட்டாலே கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஆள் வைப்பது காசு இருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த ஆளிடம் சமையலையும் துணியையும் கொடுங்கள், பெரிய பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

இப்போது நான்காவது. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதற்கு அம்மாதான் வேண்டும். ஆனால் ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, குளிக்க வைப்பது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் கை பழகிய யார் செய்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. பெரியது கோபித்துக்கொள்ளும். அதற்கு அம்மாதான் ஊட்ட வேண்டும், அம்மாதான் கால் கழுவிவிட வேண்டும். அதனால் பால் கொடுத்து முடித்ததும் சின்னதை அம்மிச்சி (பாட்டி) தோளில் போட்டுவிட்டு, "வா சாமி" என்று பெரியதைக் கூப்பிடலாம். ஆபரேஷன் ஆனவர்கள் பத்துப் பன்னிரண்டு கிலோ பிள்ளையைத் தூக்கக் கூடாது. பாயில் உட்கார்ந்துகொண்டால் அதுவே மடியில் ஏறிக்கொள்ளும். பால் கொடுக்கும்போதும் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தால் பக்கத்தில் அதற்கும் இடம் இருக்கும், கையில் ஒரு கிண்ணம் பொரியைக் கொடுத்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: சேலைத் தொட்டிலோடு பெரியதைத் தனியாக விடாதீர்கள். பாசத்தில்தான் ஆட்டும், ஆனால் வேகம் தெரியாது.

இதற்கு வீட்டில் இன்னொரு ஜோடிக் கை வேண்டும். திருப்பூரில் ஒற்றை அறையில், கணவர் பனியன் கம்பெனி ஷிப்டில் இருக்கிற வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே முன்கூட்டியே பழக்கிய பால்வாடிதான் சரி. தனியார் வேலையில் அப்பாவுக்குச் சட்டப்படி லீவு இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, பிறந்து 6 மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். பலரும் அதை ஆஸ்பத்திரி நாட்களிலேயே தீர்த்துவிடுகிறார்கள். அப்போது வீடு நிறைய ஆள் இருக்கும். பச்சைக் குழந்தையின் அழுகை உச்சத்துக்குப் போவது ஆறாவது வாரத்தை ஒட்டித்தான், சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு. லீவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.