ரியூசன் நேரத்தில் கடற்கரைக்குப் போகும் பிள்ளை: திருகோணமலையிலிருந்து ஓர் அனுபவம்

மகன் தரம் 3இல் இருக்கும்போது பின்னேர இயற்கைக் கல்வி வகுப்பு ஒன்றில் சேர்த்தோம். இப்போது தரம் 5, புலமைப்பரிசில் வருடம். "இன்னும் அங்கயா அனுப்புறீங்க? அதால என்ன பிரயோசனம்?" என்று தெரிந்தவர்கள் கேட்காத கிழமை இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாடசாலை ஒன்றரைக்கு விடும். சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தெழும்பி மூன்றரைக்குப் போனால் ஐந்தரைக்கு முடியும். கிழமையில் இரண்டு நாள். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் இரண்டு அக்காமாரும் கூட்டிப் போகிறார்கள். முஸ்லிம் பிள்ளைகள் ஓதப் போகும் நேரத்தோடு மோதாமல் நாட்களைப் போட்டிருக்கிறார்கள். காசு, ஒரு பாடத்துக்கு ரியூசனுக்குக் கொடுக்கும் அளவுதான்.

பெரும்பாலும் உப்புவெளிக் கடற்கரைதான். இடைக்கிடை கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள், இல்லாவிட்டால் உப்பாற்றுப் பக்கம். புது இடம் எதுவும் இல்லையே என்று தொடக்கத்தில் பெற்றோர் சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான். ஒரே கரையைக் கச்சான் காற்றிலும் பார்த்து, வாடைக் காலத்திலும் பார்த்தால்தான் என்ன மாறியது என்று பிள்ளைக்குத் தெரியும். மார்கழி மழையும் அலையும் ஓய்ந்த பிறகு போனபோது, அடம்பன் கொடி படர்ந்த இடத்தில் மணல் அப்படியே நின்றதாம். கதிரை போடுவதற்காகக் கொடியைப் பிடுங்கியிருந்த இடத்தில் கரை படி வெட்டியதுபோல அறுந்து கிடந்ததாம். மகன் இரண்டையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் கீறிக்கொண்டு வந்தான். இதைச் சொல்லிக் கொடுக்க எந்தப் பாடப்புத்தகமும் தேவைப்படவில்லை.

கரைவலை இழுக்கும் நாட்கள் இன்னும் விசேஷம். பிள்ளைகளும் கயிற்றைப் பிடிப்பார்கள். சூடை, காரல், பாரைக்குட்டி என்று பெயரெல்லாம் சொல்லிக் கொடுப்பது வலைக்கார மாமாமார்தான். ஆசிரியர், பிள்ளைகளுக்கு அவர் 'சேர்', கேட்டுக்கொண்டு நிற்பார். ஒருநாள் மகனைக் கூட்டிவர நான் கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். வலையில் பேத்தை மீன் ஒன்று வந்திருந்தது. வயிறு பந்தாக ஊதி, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய மணலில் உருண்டது. ஒரு மாமா அதைத் தடியால் தள்ளிக் காட்டி, "இதைத் தின்டா ஆள் தப்பாது" என்றார். அது ஏன் ஊதுகிறது, நஞ்சு அதன் உடம்பில் எங்கே இருக்கிறது, வேறு மீன் அதைத் தின்னாதா என்று கேள்வி மேல் கேள்வி. சேர் ஒன்றுக்கும் உடனே பதில் சொல்லவில்லை. "நீங்க தேடிக்கொண்டு வாங்கோ" என்றார். அன்று இரவு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கோட்டைக்குள் திரியும் மான்களையும் இப்படித்தான் தொடர்ந்து பார்க்கிறார்கள். கொம்பு விழுந்த கிடாய்க்குப் புதுக்கொம்பு முளைக்கும்போது அதன் மேல் மெல்லிய உரோமத் தோல் போர்த்தியிருக்கும் என்பது எனக்கே மகன் காட்டித்தான் தெரியும். அந்த மான்கள் பொலித்தீன் பையைச் சப்புவதைக் கண்ட நாளிலிருந்து கடையில் பை வாங்க விடமாட்டான்.

வருடத்துக்கொரு முறை போகும் புறாமலைத் தீவுப் பயணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நிலாவெளியிலிருந்து படகில் போவது. 2003இல் தேசியப் பூங்காவான இடம், பவளப்பாறையும் மீனும் உண்மையிலேயே அழகு. ஆனால் சனக்கூட்டத்துக்குள் இந்த வயதுப் பிள்ளைகள் ஆறுதலாக நின்று பார்ப்பது குறைவு. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்குக் கன்னியாவுக்குக் கூட்டிப்போய், வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வெப்பமானி வைத்துச் சூட்டை அளக்க விடலாம்.

என் அம்மாவுக்கு இந்த வகுப்பே பிடிக்காது. 2004இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்டவர். அவருடைய பயம் நியாயமானது, நான் வாதாடவில்லை. ஆனால் சேர் அந்தக் கதையை மறைப்பதில்லை. கடல் திடீரென்று உள்வாங்கினால் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது, மேட்டுக்கு ஓடவேண்டும் என்பது முதல் மாதமே சொல்லிக் கொடுத்த பாடம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது. போகும்போதும் வரும்போதும் தலை எண்ணுவார்கள்.

சரி, குறைகள். முதல் வருடம் மழைக்காலம் முழுக்க ஒரு மண்டபத்துக்குள் இருத்தி வீடியோ போட்டார்கள். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம். பெற்றோர் கூடிப் பேசிய பிறகு இப்போது தூறலில் மழைக்கோட்டோடு போகிறார்கள், இடி மின்னல் என்றால் மட்டும் நிறுத்துவார்கள். இரண்டு அக்காமாரும் அடிக்கடி மாறுகிறார்கள். புதிதாக வருபவர் பிள்ளைகளின் பெயரைப் பழகுவதற்குள் தவணை முடிந்துவிடுகிறது. உப்பாற்றுச் சேறு சப்பாத்தை விடாது, பழைய சோடி ஒன்று கட்டாயம் தேவை.

படிப்புக்கு உதவுமா? சுற்றாடல் பாடத்தில் மகன் தடுமாறுவதில்லை. கணக்குக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை, அதற்குத் தனியாக இருந்துதான் செய்யவேண்டும். பரீட்சை முடியும்வரை கிழமையில் ஒரு நாளாகக் குறைத்திருக்கிறோம், நிறுத்தவில்லை. தரம் 5 பிள்ளைகளுக்கு மட்டும் ஞாயிறு காலையில் ஒரு குழு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆள் சேர்ந்தால் செய்யலாம் என்று சேர் சொல்லியிருக்கிறார். இதுவரை நான்கு பெற்றோர் சம்மதம்.