கை நடுக்கத்துக்குக் கத்தியில்லாச் சிகிச்சை: அப்பாவுடன் போய்வந்த அனுபவம்

பத்தாண்டுகளாக நடுங்கிக்கொண்டிருந்த அப்பாவின் வலது கைக்கு, மீயொலி அலைகளைக் குவித்துச் செய்யும் சிகிச்சையைக் கடந்த ஆண்டு எடுத்துக்கொண்டோம். காபி டம்ளரைப் பாதி மட்டும் நிரப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டிருந்தது. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று காசோலை திரும்பிய நாளிலிருந்து அவர் வங்கிப் பக்கமே போகவில்லை. இது பார்க்கின்சன் அல்ல, எசென்ஷியல் ட்ரெமர் (எதையாவது பிடிக்கும்போதோ எழுதும்போதோ கை நடுங்கும் நரம்புக் கோளாறு) என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்திருந்தார். மாத்திரைகள் தூக்கத்தைத் தந்தன, நடுக்கத்தை அடக்கவில்லை.

மண்டையோட்டில் துளையிட்டு மின்முனை பதித்து, மின்சாரத்தால் மூளையைத் தூண்டும் டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன், 1987-இல் பிரான்சின் கிரனோபிளில் நரம்பு அறுவை மருத்துவர் பெனபிட் குழுவினர் தொடங்கிவைத்த முறை. துளை என்றதுமே அப்பா மறுத்துவிட்டார். அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்ற மீயொலி முறையில், 1024 சிறு ஒலிமூலங்கள் பதித்த தலைக்கவசத்திலிருந்து வரும் அலைகள், மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் பகுதியில் நடுக்கத்தைக் கடத்தும் புள்ளி ஒன்றில் கூடி அதைச் சுட்டுவிடுகின்றன.

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அவர் விழித்தபடியே இருந்தார். தலைத்தோல் சூடாகாதிருக்கக் கவசத்துக்குள் குளிர்நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அலை செலுத்திய பிறகும் ஒரு தாளை நீட்டிச் சுருள்கோடு வரையச் சொன்னார்கள். முதல் தாளில் இருந்தது சிலந்தி வலை போன்ற கிறுக்கல். கடைசித் தாளில், சற்றே கோணலானாலும், ஒரு சுருள். அதைப் பார்த்து அப்பா அழுதுவிட்டார்.

ஆனாலும் மருத்துவமனையின் ஆலோசனைப் பிரிவுமீது எனக்கு வருத்தம் உண்டு. “அறுவையே இல்லை” என்று சொன்னவர்கள், தலையை முழுக்க மழிக்க வேண்டும், நான்கு திருகாணிகளால் சட்டகம் பூட்டப்படும் என்பதை அன்று காலையில்தான் தெரிவித்தார்கள். அலைகள் கடக்கும் தன்மை சிலரது மண்டையோட்டுக்குப் போதாது. அதைக் காட்டும் சி.டி. ஸ்கேனையும் முன்பணம் கட்டிய பிறகே எடுத்தார்கள். இது நிரந்தரமாகச் சுட்டுவிடும் முறை என்பதையும், மின்முனை என்றால் பின்னாளில் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ முடியும் என்பதையும் நான் கேட்ட பிறகே மருத்துவர் விளக்கினார்.

76 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் கை நடுக்க மதிப்பெண் மூன்று மாதத்தில் சராசரியாக 47 விழுக்காடு குறைந்தது. சிலருக்கு மரத்துப்போதலும் நடைத் தடுமாற்றமும் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தன. அப்பாவுக்கு நடை மூன்று வாரம் தடுமாறிப் பின் சரியாயிற்று. இடது கை இன்னும் நடுங்குகிறது. அதற்கு இடைவெளி விட்டே செய்வார்கள் என்பதால் அவசரப்படவில்லை. வலது கையால் முழு டம்ளர் காபியை அவரே ஆற்றிக் குடிக்கிறார்.