சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி வாரிய ரீகால்: ஓட்டுப் போட்டவரின் மதிப்பீடு, 5க்கு 4

ஹெச்1பி விசாவில் இருக்கும் எனக்கும் இந்த ஊரில் ஓட்டு உண்டு என்பது 2022 பிப்ரவரி தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிந்தது. 19 வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள பெற்றோர் நகரத்தில் குடியிருந்தால் போதும், குடியுரிமை இல்லாவிட்டாலும் நகரத்தின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கு மட்டும் ஓட்டுப் போடலாம் என்று 2016லேயே நகர மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதி. பதிவுசெய்யும்போது ஒரு எச்சரிக்கையையும் காட்டுகிறார்கள்: நாம் தரும் விவரம் குடியேற்றத் துறையின் கைக்கும் போகலாம். நான் வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், நீங்களும் கேளுங்கள்.

ரீகால் என்பது பதவியில் இருப்பவரைக் காலம் முடியும் முன்பே மக்கள் இறக்குவது. கொரோனாவில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் 2021 ஆகஸ்ட் வரை வீட்டிலேயே கிடக்க, வாரியமோ 44 பள்ளிகளின் பெயரை மாற்றத் தீர்மானம் போட்டது, நகரத்தின் பெயர்பெற்ற அரசு உயர்நிலைப் பள்ளியான லோவலில் மதிப்பெண் பார்த்துச் சேர்ப்பதை நிறுத்திக் குலுக்கலுக்கு மாறியது. பெற்றோருக்குக் கோபம் வராதா? ரீகால் மனுவுக்குக் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். பதிவான வாக்காளர்களில் பத்து சதவீதம், அதாவது ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாக 50,000க்கும் மேல், அதுவும் 160 நாளுக்குள். ஏழு பேரில் மூவரை மட்டும் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு, பதவியேற்று ஆறு மாதம் ஆகாதவர்மீது மனு போட முடியாது, மற்ற நால்வரின் பதவிக்காலமும் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வாக்குச்சீட்டுதான். அந்த மூவரான லோபஸ், காலின்ஸ், மொலிகா, ஒவ்வொருவரையும் பதவியிலிருந்து இறக்கலாமா என்று தனிக் கேள்வி, ஆம் அல்லது இல்லை. ஒருவர்மேல் உள்ள கோபத்தை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டியதில்லை. சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும், திருப்பி அனுப்ப ஸ்டாம்ப் செலவும் இல்லை. மூவருமே பெரிய வித்தியாசத்தில் பதவி இழந்தார்கள்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது அதற்கு அப்புறம் நடப்பதற்காக. காலியான இடத்துக்கு ஆளை மேயரே நியமிக்கிறார், நம்மைக் கேட்பதில்லை. இத்தனை ஆயிரம் கையெழுத்து வாங்கி இறக்கிய பெற்றோர், அடுத்து யார் என்பதைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்வது சரியில்லை. நவம்பரில் அந்த இடங்களுக்கு வழக்கமான தேர்தல் வந்தது, நியமிக்கப்பட்ட மூவரில் ஒருவர் தோற்றுப் போனார். குடியுரிமை இல்லாதவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள், இந்த வாக்காளர் பதிவு காலாவதியாகும், போன தடவை போட்டோமே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.