தெர்மல் ரைஸ் குக்கர்: எட்டு மாசம் வடிச்சுப் பாத்துட்டு எழுதறேன்

முதல்லயே சொல்லிடறேன், எந்த கம்பெனிக்காரனும் ஓசில குடுத்து எழுதச் சொன்னது இல்ல இது. என் காசு 1,450 ரூபா, ஜாக்கெட் தச்சு பால் பவுடர் டப்பால போட்டு வச்ச காசு. அதனால நல்லா இருக்கறத நல்லா இருக்குன்னும் மொக்கையா இருக்கறத மொக்கைன்னும் தான் சொல்லுவேன். பிராண்ட் பேர் கேக்காதீங்க, இந்த சாமான்ல பிராண்டுக்கு பிராண்ட் பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல, உள்ள ஒரு எவர்சில்வர் பானை, வெளிய சூடு போகாம இருக்க நடுவுல ஃபோம் அடைச்ச ஒரு டப்பா, பானைய கொஞ்ச நேரம் அடுப்புல கொதிக்க விட்டு டப்பாக்குள்ள மூடி வச்சா மிச்சம் அந்த சூட்லயே வெந்துடும், அவ்ளோதான் கதை.

எதுக்கு வாங்கினேன்னா கேஸ் தான். 2025 ஏப்ரல்ல சிலிண்டருக்கு 50 ரூபா ஏத்தினான் இல்ல, சென்னைல 818 ரூபா 50 காசு இருந்தது 868 ரூபா 50 காசு ஆச்சு. எங்க வீட்ல மாமியாரோட சேத்து அஞ்சு பேரு, வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் வேலை, ரேஷன் புழுங்கல் அரிசி தான் பொங்கறோம். அந்த அரிசிய சில பேர் மூக்க சுளிப்பாங்க, 2011 ஜூன்ல இருந்து கார்டுக்கு சும்மா குடுக்கறாங்க, நல்லா நாலு தண்ணி கழுவி ஊற வச்சா ஒண்ணும் வாடை வராது, ஆனா வேகறதுக்குள்ள நமக்கு வயசாயிடும், அது மட்டும் நெசம். முப்பது முப்பத்தஞ்சு நிமிஷம் அடுப்பு எரியும். பிரஷர் குக்கர்ல வச்சா சீக்கிரம் ஆயிடும், ஆனா எங்க மாமியாருக்கு கஞ்சி வடிக்காத சோறு சோறே இல்ல, சுகர் வேற இருக்கு அவங்களுக்கு, வடிச்சா நல்லதுன்னு ஒரு நம்பிக்கை, அந்த சண்டைக்கு நான் போறதில்ல.

சிலிண்டர் மாத்தற அன்னிக்கு சமையக்கட்டு காலண்டர்ல தேதிய சுத்தி ஒரு வட்டம் போட்டு வைப்பேன், ரொம்ப நாள் பழக்கம். எங்களுக்கு சராசரியா 31 நாள் வரும். இந்த கணக்கு இல்லாம எந்த கேஸ் மிச்சம் பண்ற சாமானையும் வாங்காதீங்க, ஏன்னா கடைக்காரன் 50 பெர்சென்ட் மிச்சம்பான் 70 பெர்சென்ட் மிச்சம்பான், எதுல 70ன்னு கேட்டா முழிப்பான்.

வாங்கறதுக்கு முன்னாடி நான் ஒரு வேலை பண்ணேன், அத சொன்னா சிரிப்பீங்க. மீன் மார்க்கெட்ல ஐஸ் போட்டு வர்ற தெர்மாகோல் பெட்டி ஒண்ணு சும்மா வாங்கிட்டு வந்து, சோடா உப்பு போட்டு ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு, அதுக்குள்ள பழைய பெட்ஷீட்ட சுத்தி, கொதிக்கற சோத்துப் பானைய மூடியோட இறக்கி வச்சு மேல இன்னொரு போர்வைய அமுக்கி பெட்டிய மூடிட்டேன். கேரளால இத சூடாறாப்பெட்டின்னு சொல்லுவாங்க, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்னு ஒரு அறிவியல் இயக்கம் வீடு வீடா கொண்டு போய் பரப்பின சாமான், எங்க பக்கத்து வீட்டு சேச்சி தான் சொல்லிக் குடுத்தாங்க. முதல் நாள் சோத்துல மீன் வாடை, மாமியார் தட்ட தள்ளி வச்சிட்டாங்க. நாலாவது நாள்ல இருந்து சரியாயிடுச்சு. சூடா பானை பட்ட எடத்துல தெர்மாகோல் அப்படியே குழி விழுந்துடுது, அதுக்கு அடியில ஒரு பலகையும் துணியும் போட்டே ஆகணும். மூணு வாரம் இப்படி ஓட்டினேன். சோறு வெந்துச்சு. சத்தியமா வெந்துச்சு. அப்பறம் தான் சரி இது நம்ம வீட்டுக்கு செட் ஆகும்னு தெரிஞ்சு காச எடுத்தேன்.

கடை கதை ஒண்ணு இருக்கு. பேர் வேணாம், வீட்டு சாமான் கடை, லேடீஸ் ஃப்ரீ பஸ்ல போனா எங்க வீட்ல இருந்து அரை மணி நேரம். குக்கர எடுத்து கைல வச்சிருக்கேன், சேல்ஸ் தம்பி "அக்கா மிக்ஸி எதுவும் பாக்கறீங்களா"ன்னு ஆரம்பிச்சான். எங்க மிக்ஸி உண்மையாவே சாகக் கெடக்கு, அத எப்படி மோப்பம் புடிச்சான்னு தெரியல. மிக்ஸி 4,500, குக்கர் 1,450, மொத்தம் 5,950, ஆறு மாசம் சீரோ பெர்சென்ட் ஈஎம்ஐ, ஆதார் மட்டும் குடுங்க போதும், மாசம் ஆயிரம் கூட வராதுக்கா அப்படின்னான். நான் சும்மா இருக்காம, சரி தம்பி மொத்தமா கேஷா குடுத்தா என்ன ரேட்டுன்னு கேட்டேன். 5,600க்கு தரேங்கான். ஃபைல் சார்ஜ் இருக்கான்னு கேட்டேன், "அது ஒரு 399 வரும்கா". ஆக 350ம் 399ம் 749 ரூபா, 5,600 ரூபா சாமானுக்கு ஆறு மாசத்துக்கு. நூத்துக்கு 13 ரூபாய்க்கு மேல, அதுவும் மாசா மாசம் அசல் கொறஞ்சுகிட்டே வரும்போது. இதுக்குப் பேரு சீரோவாம். ரிசர்வ் பேங்கே 2013 செப்டம்பர்ல பேங்குங்களுக்கு சீரோ பெர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சர்க்குலர் விட்டாச்சு, ஆனா போர்டு மட்டும் இன்னும் கடை கடையா தொங்குது.

நான் கோவமா பேசறேன்னு தோணலாம். நாங்க பட்டிருக்கோம். கொரோனா சமயத்துல எஸ்டேட் மூடிக் கெடந்தப்போ தண்டல் வாங்கினோம், 10,000ன்னு எழுதிட்டு கைக்கு 8,500 தான் வந்துச்சு, தெனம் நூறு ரூபா வீதம் நூறு நாள். சாயங்காலம் அஞ்சரைக்கு அந்த பைக் சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்கும், பையன் கூட "அம்மா பைக் அண்ணன்"னு ஓடி வந்து சொல்லுவான். அத அடைக்க இன்னொண்ணு, அத அடைக்க கம்மல் அடகு, முழுசா வெளிய வர ரெண்டரை வருஷம் ஆச்சு. இப்ப எங்க வீட்ல ஒத்த பைசா கடன் கிடையாது, மளிகை கடை நோட்டு கூட கிடையாது. அதனால மிக்ஸிய அங்கயே வச்சிட்டு குக்கர மட்டும் எண்ணி காசு குடுத்து வாங்கிட்டு வந்துட்டேன். தம்பி மூஞ்சி சுருங்கிடுச்சு, பாவம் அவனுக்கு டார்கெட் இருக்கும்.

சரி சாமானுக்கு வருவோம். நான் வாங்கினது 1 கிலோ சைஸ். அரிசிய அரை மணி நேரம் ஊற வச்சு, பானைல முக்கால் வரைக்கும் தண்ணி கொதிக்க வச்சு, அரிசிய போட்டு மறுபடி தளதளன்னு கொதி வந்தப்பறம் ரேஷன் புழுங்கலுக்கு 12 நிமிஷம், அப்பறம் அடுப்ப அணைச்சு உடனே தூக்கி டப்பாக்குள்ள வச்சு மூடிடணும். ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு திறந்தா பதமா இருக்கும். பொன்னி பச்சரிசின்னா அஞ்சு ஆறு நிமிஷ கொதி, அரை மணி நேரம் போதும், மறந்துட்டீங்கன்னா கொழஞ்சு போயிடும். நடுவுல ஆர்வத்துல திறந்து பாக்கக் கூடாது, ஒரு தடவ திறந்தா சூடு போச்சு, அன்னிக்கு நறுக்கரிசி தான்.

எப்படி வேகுதுன்னா, அரிசி வேகறதுக்கு கடைசி வரைக்கும் கொதிச்சுகிட்டே இருக்கணும்னு அவசியம் இல்ல, 80 டிகிரி பக்கம் சூடு நின்னாலே அது பாட்டுக்கு வெந்துடும். பருப்பு அப்படி இல்ல, அதுக்கு நல்ல சூடு வேணும். பிரஷர் குக்கர்ல 120 டிகிரி கிட்ட போகும், இதுல நூறுல ஆரம்பிச்சு கொறஞ்சுகிட்டே தான் வரும். அதனால துவரம் பருப்பு, கொண்டக்கடலை எல்லாம் இதுல வைக்காதீங்க. நான் ஒரு வெள்ளிக்கிழமை சுண்டலுக்கு ராத்திரி பூரா ஊறின கடலைய கால் மணி நேரம் கொதிக்க விட்டு உள்ள வச்சேன், மூணு மணி நேரம் கழிச்சு எடுத்தா கோலி குண்டு. மறுபடி விசில் விட்டேன், ரெண்டு தடவ கேஸ். ராஜ்மா விசயம் இன்னும் சீரியஸ், அது நல்லா கொதிக்காம அரைகுறையா வெந்தா வாந்தி பேதி வரும், கண்டிப்பா இதுல பண்ணாதீங்க.

டப்பா மேல "12 மணி நேரம் சூடு"ன்னு பெருசா போட்டிருக்கான். ஆமா, வெதுவெதுன்னு இருக்கும். அந்த வெதுவெது தான் டேஞ்சர். சோத்துல ஒரு கிருமி இருக்கு, கொதிச்சாலும் சாகாம விதை மாதிரி கெடந்து சூடு 60 டிகிரிக்கு கீழ வந்ததும் முளைச்சுக்கும். காலைல ஏழரைக்கு வடிச்சத மறுபடி டப்பாக்குள்ள வச்சா மத்தியானம் ஒரு மணிக்கு ஆவி பறக்க சாப்பிடலாம், அது வரைக்கும் ஓகே. அதுக்கு மேல மிச்சம் இருந்தா எடுத்து ஆற வச்சு தண்ணி ஊத்திடுவேன், மறுநாள் பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மொளகா. ராத்திரிக்கு எங்களுக்கு எப்பவும் டிபன் தான்.

குறைகள் இருக்கு. பானை பாதிக்கு கீழ இருந்தா வேகவே வேகாது, உள்ள இருக்கற சூடு பத்தாது, அதனால ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு 1 கிலோ சைஸ் தண்டம், அரைக் கிலோ சைஸ் பாருங்க. மூடி கைப்பிடி ஸ்க்ரூ நாலாவது மாசமே துரு புடிச்சிடுச்சு, வீட்டுக்காரர் லேத்ல இருந்து எவர்சில்வர் ஸ்க்ரூ ஒண்ணு எடுத்துட்டு வந்து போட்டாரு. வெளி டப்பாவ தண்ணில முக்கி கழுவக் கூடாது, எங்க மாமியார் ஒரு தடவ குழாயடில வச்சு தேச்சுட்டாங்க, ஜாயிண்ட் வழியா தண்ணி உள்ள போயி ஒரு வாரம் ஊத்த வாடை. ஈரத் துணில தொடைச்சா போதும். வடிதட்டு மூடி மட்டும் அருமை, சாச்சு ஸ்டாண்டுல வச்சா அதுவே வடிஞ்சிடும், கைல ஆவி அடிக்காது. அந்த கஞ்சில உப்பு போட்டு ஒரு டம்ளர் அவருக்கு, மிச்சம் காட்டன் புடவைக்கு.

கரண்ட் அடுப்பு வாங்கலாமேன்னு ஒருத்தங்க கேட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு கொஞ்சம் யூனிட் ஃப்ரீ தான், ஆனா எனக்கு தையல் மிஷின் மோட்டார், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் சேந்து ஏற்கனவே 400 கிட்ட வந்துடுது, 500 யூனிட் தாண்டினா ரேட் கணக்கே மாறிடும். எங்க வீட்டுக்கு ஒத்து வராது.

இப்ப காலண்டர் கணக்கு. குக்கர் வந்தப்பறம் சிலிண்டர் 38 நாள் வருது, ஒரு தடவ தீபாவளி வந்ததால 35. பாதி மிச்சம் எல்லாம் பொய், எங்களுக்கு ஏழு நாள் மிச்சம். 868.50ஐ 31ல வகுத்தா நாளைக்கு 28 ரூபா, 38ல வகுத்தா 22 ரூபா 85 காசு, ஆக தெனம் அஞ்சு ரூபா சொச்சம். அந்த ஓசி தெர்மாகோல் பெட்டிலயும் கிட்டத்தட்ட இதே மிச்சம் வந்திருக்கும்னு தான் நெனைக்கறேன், மனசாட்சிக்கு சொல்லணும் இல்ல. 1,450 குடுத்தது சுத்தத்துக்கும் வடிதட்டுக்கும் மாமியார் வாய மூடறதுக்கும். கைல காசு இல்லன்னா பெட்டிலயே ஓட்டுங்க, இதுக்காக எவன் கிட்டயும் ஆதார நீட்டாதீங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், ஒண்ண அந்த ஸ்க்ரூவுக்காக புடிச்சுக்கறேன். மிக்ஸிக்குன்னு காசு போடற டப்பால இப்ப 3,100 சேந்திருக்கு, அது வரைக்கும் பழைய ஜாருக்கு பிளேடு மாத்தி 180 ரூபால ஓடிட்டு இருக்கு. குக்கர் எட்டு மாசத்துல 1,240 கிட்ட திருப்பிக் குடுத்துடுச்சு. இன்னும் 210 ரூபா எனக்கு பாக்கி வச்சிருக்கு, நாப்பது நாள்ல அடைச்சிடும்னு கணக்கு சொல்லுது.